பத்து நகம், ஒரு கோடு: அமெரிக்கக் கால் மருத்துவரின் பில் எப்படி உருவாகிறது

முதியவர் ஒருவருக்குக் கால் நகம் வெட்டிவிட்டு, அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுக்கு மருத்துவர் பில் அனுப்பினால் காசு வருமா? சட்டப்படி வராது. ஆனால் சில கால்களுக்கு வரும். அதே நகவெட்டி, அதே பத்து நகம், ஆகும் நேரமும் அதே. ஒருவருக்குப் பணம் உண்டு, அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குக் கிடையாது.

இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கால் நகத்தைப் போய் ஏன் ஆராயணும் என்று கேட்கலாம். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதுதான் சோறு போடுகிறது. கல்யாண வீட்டில் "என்ன வேலை பார்க்கிற?" என்று கேட்டால் "மெடிக்கல் கோடிங்" என்பார்கள். கேட்டவர் "ஓ, கம்ப்யூட்டரா?" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். உண்மையில் அது என்ன வேலை என்பதைப் புரியவைக்க, கால் மருத்துவத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சின்ன உறுப்பு, சின்ன சிகிச்சை, சின்னத் தொகை. ஆனா விதிகள் மட்டும் மலையளவு.

யார் இந்தப் பொடியாட்ரிஸ்ட்?

நம்ம ஊரில் கால் ஆணி என்றால் தோல் டாக்டரிடமோ சர்ஜனிடமோ போவோம். சர்க்கரைப் புண் என்றால் சர்க்கரை டாக்டரிடம் போவோம். அமெரிக்காவில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் என்றே தனிப் படிப்பு, தனிப் பட்டம் உண்டு. பட்டத்தின் பெயர் டிபிஎம். கல்லூரியில் நான்கு வருடம், அதன் பிறகு மருத்துவமனையில் மூன்று வருடப் பயிற்சி. இவர்கள் நகமும் வெட்டுவார்கள், எலும்பு அறுவை சிகிச்சையும் செய்வார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் காப்பாற்றுவது இவர்கள் வேலையில் முக்கியமான பகுதி.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் திட்டம் 1965-இல் சட்டமானது. பொடியாட்ரிஸ்டை அதில் 'மருத்துவர்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். சுவாரசியம் என்னவென்றால், அதே திருத்தம்தான் இன்னொரு கதவையும் சாத்தியது. தட்டைப் பாதத்துக்கான சிகிச்சை, ஆணி, காய்ப்பு நீக்குதல், நகம் வெட்டுதல் போன்ற 'வழக்கமான பாதப் பராமரிப்பு' எதற்கும் மெடிகேர் பணம் தராது என்று எழுதிவைத்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட மாதிரி. இன்றைக்கும் கால் மருத்துவ பில்லிங்கில் வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விலக்கிலிருந்து கிளைத்தவைதான்.

பில்லில் எழுதும் இரண்டு மொழிகள்

ஒவ்வொரு கிளெய்மும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லணும். நோயாளிக்கு என்ன? மருத்துவர் என்ன செய்தார்?

'என்ன?' என்பதற்கு ஐசிடி-10 கோடு. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் இதைப் பயன்படுத்துகிறது. நகப்பூஞ்சைக்கு பி35.1. கால் ஆணி, காய்ப்புக்கு எல்84. உள்ளே குத்தி வளரும் நகத்துக்கு எல்60.0. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் இ11.42, கால் ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருந்தால் இ11.51.

'என்ன செய்தார்?' என்பதற்கு சிபிடி கோடு. இது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து, 1966 முதல் வெளிவருகிறது. கால் மருத்துவரின் அன்றாடக் கோடுகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்:

- 11719: நோயில்லாத நகங்களை வெட்டுதல், எத்தனை நகமானாலும்.
- 11720: தடித்து நோயுற்ற நகங்களைச் செதுக்கிக் குறைத்தல், 1 முதல் 5 நகம் வரை.
- 11721: அதே வேலை, 6 நகமோ அதற்கு மேலோ.
- 11055, 11056, 11057: ஆணி, காய்ப்பைச் சீவுதல். முறையே ஒன்று, இரண்டு முதல் நான்கு, நான்குக்கு மேல்.
- 11730: நகத்தை முழுசாகவோ பகுதியாகவோ பிடுங்குதல். அடுத்தடுத்த நகத்துக்கு 11732.
- 11750: நகம் திரும்ப முளைக்காதபடி வேரோடு நீக்குதல்.

இதோடு மாடிஃபையர் என்று இரண்டு எழுத்து வால் ஒன்று ஒட்டும். எந்த விரல் என்று சொல்லவே பத்து வால்கள் இருக்கின்றன. இடது பெருவிரல் டிஏ, இடது மற்ற விரல்கள் டி1 முதல் டி4 வரை. வலது பெருவிரல் டி5, வலது மற்றவை டி6 முதல் டி9 வரை. வலது பெருவிரல் நகத்தைப் பிடுங்கிவிட்டு டிஏ என்று போட்டால், நோயாளியின் வேறொரு காலில் சிகிச்சை நடந்ததாகப் பதிவாகிவிடும். மூன்று மாதம் கழித்து உண்மையிலேயே இடது விரலில் செய்யும்போது, "இதுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்று பதில் வரலாம்.

எந்தக் காலுக்குப் பணம்?

இப்ப மையமான விஷயத்துக்கு வருவோம். வழக்கமான பாதப் பராமரிப்புக்குப் பணம் இல்லை என்றது சட்டம். ஆனால் சர்க்கரை நோய், ரத்தக் குழாய் அடைப்பு, சில நரம்பு நோய்கள் இருப்பவருக்கு நகம் வெட்டுவது ஒரு ஆபத்தான காரியம். உணர்ச்சி இல்லாத விரலில் சின்னக் கீறல் விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறாது. புண்ணாகி, அழுகி, கடைசியில் விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப்பட்டவருக்குப் பயிற்சி இல்லாத ஆள் நகம் வெட்டக் கூடாது என்பதால், அங்கே மட்டும் மெடிகேர் விலக்கைத் தளர்த்துகிறது.

அந்த ஆபத்து இருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது? 'சர்க்கரை நோயாளி' என்று எழுதினால் போதாது. காலில் தெரியும் அடையாளங்களை மூன்று வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஏ வகுப்பு: விபத்து அல்லாத காரணத்தால் பாதமோ, அதன் எலும்புப் பகுதியோ ஏற்கெனவே அகற்றப்பட்டிருத்தல்.

பி வகுப்பு: பாதத்தின் மேல்புற நாடி துடிக்காமை; உள் கணுக்காலின் பின்புற நாடி துடிக்காமை; தோலும் நகமும் முடியும் கெட்டுப்போயிருத்தல். இந்தக் கடைசி அடையாளத்துக்கு மட்டும் ஒரு உள்விதி உண்டு. முடி உதிர்தல், நகம் தடித்தல், நிறமாற்றம், தோல் மெலிந்து பளபளத்தல், தோல் சிவத்தல் ஆகிய ஐந்தில் மூன்றாவது இருந்தால்தான் அது ஒரு பி-யாகக் கணக்கில் வரும்.

சி வகுப்பு: கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாவது, பாதம் சில்லிட்டிருத்தல், நீர்வீக்கம், மதமதப்பு, எரிச்சல்.

ஒரு ஏ இருந்தால் கியூ7. இரண்டு பி இருந்தால் கியூ8. ஒரு பி-யும் இரண்டு சி-யும் இருந்தால் கியூ9. இந்த மூன்றில் ஒன்று கோடின் வாலில் ஒட்டவில்லை என்றால், நகம் வெட்டியது பொதுவாக 'வழக்கமான பராமரிப்பு' கணக்கில் போய்விடும்.

முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பணம் தீர்மானமாவது நகவெட்டியில் இல்லை. வெட்டுவதற்கு முன்னால் மருத்துவர் இரண்டு விரலை நோயாளியின் பாதத்தில் வைத்து நாடி பார்த்தாரா, பார்த்ததை எழுதினாரா என்பதில் இருக்கிறது.

ஒரே கால், இரண்டு குறிப்புகள்

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்க்கலாம். 72 வயது பெண்மணி, இரண்டாம் வகை சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். மருத்துவர் இப்படி எழுதுகிறார் என்று வெச்சுக்கோங்க:

"சர்க்கரை நோயாளி. நகங்கள் நீளமாகவும் தடிப்பாகவும் உள்ளன. பத்தும் சீர்செய்யப்பட்டன. காய்ப்பு சீவப்பட்டது. இரண்டு மாதம் கழித்து வரவும்."

சென்னையில் உட்கார்ந்திருக்கும் கோடர் இதை வைத்து என்ன செய்ய முடியும்? நாடி பற்றி ஒரு சொல் இல்லை. காய்ப்பு எத்தனை, எங்கே என்று இல்லை. ஒன்று என்றால் 11055, இரண்டு என்றால் 11056. நகத்தில் பூஞ்சையா, வெறும் வயசான தடிப்பா, தெரியாது. கியூ எதுவும் போட வழியில்லை.

அதே பெண்மணிக்கு இன்னொரு குறிப்பு:

"இரண்டாம் வகை சர்க்கரை நோய், கால் ரத்தக் குழாய் பாதிப்புடன். இன்சுலின் எடுக்கிறார். இரு பாதங்களிலும் மேல்புற நாடியும் கணுக்கால் நாடியும் தொட்டால் தெரியவில்லை. பத்து நகங்களும் மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்கின்றன, பூஞ்சைத் தொற்று. வெட்டுக் கருவியாலும் மின் அரத்தாலும் குறைக்கப்பட்டன. வலது முன்பாத எலும்பு முனையின் கீழ் ஒன்றும், இடது சுண்டுவிரல் அடியிலுள்ள எலும்பு முனையின் கீழ் ஒன்றுமாக இரண்டு காய்ப்புகள் சீவப்பட்டன. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரைப் போன மாதம் 10-ஆம் தேதி சந்தித்தார்."

இப்ப கோடருக்கு எல்லாமே கையில். நோய்க்கு இ11.51, பி35.1, எல்84, இன்சுலினுக்கு இசட்79.4. சிகிச்சைக்கு 11056-உம் 11721-உம். இரண்டு பி அடையாளம் இருப்பதால் இரண்டுக்கும் கியூ8.

இதில் கவனிக்க ஒன்று. நாடி இல்லை என்று மட்டும் மருத்துவர் எழுதி, 'ரத்தக் குழாய் பாதிப்பு' என்று எழுதாமல் விட்டிருந்தால், கோடர் தானே யோசித்து இ11.51 போடக் கூடாது. நோய் என்ன என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு மட்டும்தான். மருத்துவர் இரண்டையும் எழுதிவிட்டால், சர்க்கரையையும் ரத்தக் குழாய் பாதிப்பையும் சேர்த்து ஒரே கோடாக்குவதற்கு ஐசிடி விதி இடம் கொடுக்கிறது. எழுதியதை இணைக்கலாம், எழுதாததை ஊகிக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம், எழுதப்படாதது நடக்கவில்லை என்பதுதான்.

அந்தத் தேதியும் சும்மா இல்லை. சர்க்கரை நோய் போன்ற சில நோய்களுக்கு, பொது மருத்துவர் ஒருவர் அந்த நோயைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கணும் என்பது நிபந்தனை. அவரை ஆறு மாதத்துக்குள் சந்தித்த தேதியும் அவருடைய பதிவு எண்ணும் கிளெய்மில் இருக்கணும். சிஎம்எஸ்-1500 என்கிற படிவத்தில் 19-ஆம் கட்டம் இதற்கும் பயன்படுகிறது. கால் மருத்துவர் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் சரி, வேறு ஒரு டாக்டரிடம் நோயாளி போன தேதி காலியாக இருந்தால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும்.

சர்க்கரையோ ரத்தக் குழாய் நோயோ எதுவுமே இல்லாத, வெறும் பூஞ்சை நகம் என்றால்? அதற்கும் ஒரு சின்ன வாசல் உண்டு. தடித்த நகத்தால் வலியோ, நடக்க முடியாத சிரமமோ, கூடுதல் தொற்றோ இருந்தால் பணம் கிடைக்கலாம். அப்போது பி35.1 மட்டும் போதாது. விரல் வலிக்கான கோடும் வேண்டும், வலதுக்கு எம்79.674, இடதுக்கு எம்79.675.

59-உம் 25-உம்

மேலே உள்ள உதாரணத்தில் இன்னும் ஒரு வால் பாக்கி. 11056-உம் 11721-உம் ஒரே நாளில் போனால், மெடிகேரின் கணினி இரண்டாவதை வெட்டிவிடும். இரண்டும் ஒரே வேலையின் பகுதிகள் என்று அது எடுத்துக்கொள்ளும். இப்படி எந்தக் கோடு எந்தக் கோடுக்குள் அடங்கும் என்ற ஜோடிப் பட்டியல் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. "இல்லை, இரண்டும் வேறு வேறு இடம்" என்று சொல்வதற்கான வால்தான் 59. நம் பெண்மணிக்குக் காய்ப்பு பாதத்தின் அடியில், நகம் விரல் நுனியில். இடம் வேறு என்பதால் 11721-உடன் 59 சேர்ப்பது நியாயம். அதே விரலின் நுனியில் நகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே இருந்த ஆணியையும் சீவியிருந்தால் 59 போடக் கூடாது.

25 என்பது இன்னொரு வால். நகம் வெட்ட வந்தவர், "டாக்டர், காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகால் உயிர் போகுது" என்கிறார். மருத்துவர் குதிகாலைத் தனியாகச் சோதித்து, நோயைக் கண்டுபிடித்து, பயிற்சியும் மருந்தும் சொல்கிறார். இது நகத்துக்குச் சம்பந்தமில்லாத தனி ஆலோசனை. 99213 போன்ற ஆலோசனைக் கோடுடன் 25 சேர்த்துப் போடலாம். வந்தவர் நகம் மட்டும் வெட்டிக்கொண்டு போனால், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கெல்லாம் ஆலோசனைக் கட்டணம் போட முடியாது.

இந்த இரண்டு வாலும் பணப்பூட்டைத் திறக்கும் சாவிகள். கணினி நிறுத்திய கோடு, 59 சேர்த்தால் உள்ளே போய்விடும். அதனால்தான் தணிக்கையாளர்கள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

முன் மேசையில் ஜெயிப்பதும் தோற்பதும்

பில்லிங் என்றால் சிகிச்சைக்குப் பிறகு நடப்பது என்று நினைக்கிறோம். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, பாதி விஷயம் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வரவேற்பில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று, எந்தக் காப்பீடு? நேரடி மெடிகேரா, தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜா? இரண்டாவது வகையில் சில திட்டங்கள் வழக்கமான நகம் வெட்டலையும் கூடுதல் சலுகையாகத் தருகின்றன. சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

இரண்டு, சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் கடைசியாக எப்போது போனீர்கள்? ஆறு மாதம் தாண்டியிருந்தால் முதலில் அங்கே போய்விட்டு வரச் சொல்லணும்.

மூன்று, கடைசியாக நகம் வெட்டியது எப்போது? பொதுவாக 60 நாட்களுக்கு ஒருமுறைக்கு மேல் பணம் கிடைக்காது. வேறு கிளினிக்கில் வெட்டியிருந்தாலும் அந்தக் கணக்கு ஓடும். 58-ஆம் நாளில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டால், மருத்துவரின் வேலை இலவசமாகப் போக வாய்ப்பு அதிகம்.

நான்கு, காப்பீடு தராது என்று தெரிந்தால் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாச்சா? சட்டமே விலக்கிய சேவை என்றால் ஜிஒய் என்ற வால் போட்டு நோயாளியிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கலாம். பொதுவாகத் தரக்கூடிய சேவை, இந்த முறை மட்டும் தேவையில்லை என்று மறுக்கப்படலாம் என்றால் (60 நாள் ஆகாதது மாதிரி), முன்னறிவிப்புப் படிவத்தில் சிகிச்சைக்கு முன்பே கையெழுத்து வாங்கணும். அதற்கான வால் ஜிஏ. கையெழுத்து இல்லையென்றால் நஷ்டம் மருத்துவருக்கு. நோயாளியிடம் கேட்க முடியாது.

பதில் வரும் காகிதத்திலும் இந்தப் பிரிவினை தெரியும். மறுப்புக் கோடு சிஓ என்று தொடங்கினால் அந்தத் தொகையை மருத்துவர்தான் விட்டுக்கொடுக்கணும். பிஆர் என்று தொடங்கினால் நோயாளி கட்டணும். சிஓ-50 என்றால் மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை. சிஓ-97 என்றால் வேறொரு கோடுக்குள் இது அடக்கம். சிஓ-16 என்றால் தகவல் குறைவு. நம் ஊரில் ராத்திரி ஷிப்டில் ஏஆர் காலர் என்ற பெயரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஃபோன் போட்டுப் பேசுவது இந்த எழுத்துகளைப் பற்றித்தான். நேரடி மெடிகேர் என்றால் கிளெய்ம் அனுப்ப ஒரு வருடம் அவகாசம். மறுப்பு வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 120 நாள்.

இத்தனையும் தாண்டி வரும் தொகை, நகங்களுக்கு, சில பத்து டாலர்கள். அதிலும் மெடிகேர் தருவது 80 சதவீதம். மீதி 20 நோயாளியோ அவரது இரண்டாவது காப்பீடோ தரணும். தவிர, ஆண்டின் தொடக்கத்தில் நோயாளி தன் பங்காக ஒரு தொகையைக் கட்டி முடித்திருக்கணும். 2025-இல் அது 257 டாலர். ஒரு கிளெய்மைத் திரும்பத் திரும்ப அனுப்பும் செலவு அந்தக் கிளெய்மின் மதிப்பையே தின்றுவிடும். அதனால்தான் முதல் முறையிலேயே சரியாகப் போகணும் என்று கிளினிக்குகள் அடித்துக்கொள்கின்றன.

கோடரின் மேசையில் இருக்கும் ஆசை

இங்கேதான் எனக்கு விஷயம் கனக்க ஆரம்பித்தது. கோடர் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிவது திரையில் உள்ள எழுத்து மட்டும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் முடிக்கணும் என்று இலக்கு வேறு. குறிப்பில் ஒரு நாடி பற்றி மட்டும் எழுதியிருக்கிறது. இன்னொரு பி இருந்தால் கியூ8 போட்டுவிடலாம். போன முறை சார்ட்டில் இரண்டும் இருந்ததே, இந்த முறை டாக்டர் மறந்திருப்பார், போட்டால் என்ன?

போடக் கூடாது. மருத்துவருக்குக் கேள்வி அனுப்பணும். அந்தக் கேள்வியையும் "நாடி இல்லை என்று எழுதுங்கள்" என்று கேட்கக் கூடாது. "நாடிப் பரிசோதனையின் முடிவைத் தெளிவுபடுத்தவும்" என்று பதிலைத் திணிக்காமல் கேட்கணும். அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைச் சட்டம் 1863-இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், ராணுவத்துக்கு ஏமாற்றிச் சரக்கு விற்றவர்களைப் பிடிக்க வந்தது. அதே சட்டம்தான் இன்றைக்கும் மெடிகேருக்குப் போகும் பொய்யான பில்லைப் பிடிக்கிறது. அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கும், ஒவ்வொரு கிளெய்முக்கும் தனி அபராதமும் போட அதில் இடம் உண்டு.

சட்டத்தை விட எனக்குப் பெரியதாகப் படுவது வேறு. மருத்துவர்கள் போன முறை எழுதிய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. 'இரு பாதங்களிலும் நாடி இல்லை' என்று எட்டு முறை ஒரே வாக்கியம் வந்தால் தணிக்கையாளருக்குச் சந்தேகம் வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போன முறை ஒரு காலில் இருந்த நாடி இந்த முறை காணாமல் போயிருந்தால்? அதுதான் அந்த நோயாளியை உடனே ரத்தக் குழாய் நிபுணரிடம் அனுப்ப வேண்டிய நாள். ஒட்டிய குறிப்பில் அந்த நாள் தெரியவே தெரியாது. தொட்டுப் பார்க்காமல் எழுதிய வரி பில்லைக் காப்பாற்றிவிடும், காலைக் காப்பாற்றாது.

அந்தக் கோணத்தில் பார்த்தால், எல்லோரும் திட்டும் இந்த கியூ விதி ஒரு நல்ல காரியமும் செய்கிறது. நகம் வெட்ட வரும் ஒவ்வொரு முறையும் நாடி, தோல், வெப்பம், வீக்கம் எல்லாவற்றையும் பார்க்க மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஒழுங்காகப் பின்பற்றினால் அது ஒரு முழுப் பாதப் பரிசோதனை.

விதியின் ஓட்டை

ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. ஏ, பி, சி அடையாளங்களை மறுபடி பாருங்கள். கனமான அடையாளங்கள் எல்லாம் ரத்த ஓட்டம் கெட்ட பிறகு தெரிபவை. ஏ வகுப்பு காலின் ஒரு பகுதி போன பிறகுதான் வருகிறது! ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, உணர்ச்சி மட்டும் போன சர்க்கரை நோயாளிக்கு இரண்டு சி கிடைக்கலாம், பி கிடைக்காது. கியூ9 கூட எட்டாது. ஆணி குத்தினாலும் தெரியாத கால் அவருடையது.

இந்த இடைவெளியை அடைக்க 2002 ஜூலையில் மெடிகேர் தனியாக ஒரு வழி திறந்தது. 5.07 என்ற அளவுள்ள நைலான் இழையால் பாதத்தில் ஐந்து இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு இடத்திலாவது உணர்ச்சி இல்லை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனைக்குப் பணம் உண்டு. முதல் முறை ஜி0245, அடுத்தடுத்து ஜி0246. அதே நாளில் நகம், காய்ப்பு பராமரிப்பும் செய்தால் ஜி0247. இடையில் வேறு காரணத்துக்காகப் பாத நிபுணரைப் பார்த்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. 60 நாளுக்கு ஒருமுறை வளரும் நகத்துக்கு ஆறு மாதக் கணக்கு போதுமா என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் கால் கெடுவதற்கு முன்னால் பார்க்கப் பணம் தரும் கோடு இது.

சர்க்கரை நோயாளிக்கான பிரத்யேகக் காலணியும் அப்படித்தான். பாதத்தில் ஆபத்து அறிகுறி உள்ளவருக்கு, வருடத்துக்கு ஒரு ஜோடி ஆழமான செருப்பும் மூன்று ஜோடி உள்மெத்தையும் மெடிகேர் தரும். அளவெடுத்துக் கொடுப்பவர் கால் மருத்துவராக இருக்கலாம். ஆனால் இவருக்குத் தேவை என்று சான்று தரவேண்டியவர் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர். அவரிடமிருந்து காகிதம் வரும்வரை காலணி பெட்டியிலேயே இருக்கும்.

இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சிபிசி தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், கோடை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோடுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கியூ8 என்று தட்டும்போது, கடலுக்கு அப்பால் ஒருவருடைய பாதத்தில் இரண்டு இடத்தில் நாடி துடிக்கவில்லை என்று நீங்கள் அறிவிக்கிறீர்கள். குறிப்பில் அது இருந்தால் தட்டுங்கள். இல்லையென்றால் டாக்டரைக் கேளுங்கள். நீங்கள் கேட்ட பிறகாவது அவர் அடுத்த முறை தொட்டுப் பார்ப்பார்.

அறுவை சிகிச்சைக் கோடுகள் தனி உலகம். அதில் 90 நாள் வரை ஓடும் 'குளோபல்' காலக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை வேறொரு பதிவில் பார்க்கலாம்.